அரை இட்லி, அரை மணி நேரம்

2020 மார்ச் இரண்டாம் வாரம். எடைக்குறைப்பு அறுவை முடிந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. எவர்சில்வர் தட்டில் அரை இட்லி. அதை விரலால் மசித்து, மேலே இரண்டு ஸ்பூன் பருப்புத் தண்ணீர் விட்டுக் குழைத்து வைத்திருக்கிறேன். கையில் குழந்தைகளுக்கு வாங்கும் குட்டி ஸ்பூன். எதிரே அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரு வாய் வைத்தால் அது கூழாகும் வரை மெல்ல வேண்டும், விழுங்க வேண்டும், ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் பெரும்பாடு. அரை மணி நேரம் கழித்தும் தட்டில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. எனக்கோ நெஞ்சு வரை நிறைந்துவிட்டது.

"இம்புட்டுதானா? கோழிக்குஞ்சுகூட இதைவிடக் கூடத் தின்னுமே" என்று அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதே அம்மாதான் அதற்கு மூன்று மாதம் முன்பு வரை, நான் நாலாவது தோசைக்குத் தட்டை நீட்டினால் "போதும்டி, ஊரு சிரிக்குது" என்பாள். சொல்லிக்கொண்டே அடுத்த தோசையை ஊற்றவும் செய்வாள்.

எனக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது 2020 பிப்ரவரி 5, மதுரையில். அன்றைக்கு 118 கிலோ. உயரம் 158 செ.மீ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பிஎம்ஐ கணக்கில் 47 சொச்சம். இந்த எண்களைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. இப்படிச் சொன்னால் விளங்கலாம்: ஐந்தரை மீட்டர் சேலையில் மற்ற டீச்சர்களுக்கு ஏழெட்டுக் கொசுவம் வரும், எனக்கு மூன்று. ஆசிரியர் அறையில் என் நாற்காலி மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டதாக இருக்கும். ஒருமுறை ஒற்றை நாற்காலி ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் கால் விரிந்து உடைந்த பிறகு, யாரும் எதுவும் பேசாமலே வந்த ஏற்பாடு அது. ஷேர் ஆட்டோவில் ஏறினால் டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். நானே இரண்டு பேர் காசைக் கொடுத்துவிடுவேன், கேட்டுக் கேவலப்படுவதற்கு முன்னால்.

சும்மா இருந்து இந்த எடைக்கு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று எனக்குச் சொல்லாத ஆள் எங்கள் ஊர் கோவில்பட்டியில் இல்லை. கொள்ளு ரசம், கொள்ளுத் துவையல், கொள்ளுக் கஞ்சி என்று பத்து வருடத்தில் நான் தின்ற கொள்ளைக் குதிரைக்குப் போட்டிருந்தால் பந்தயம் ஜெயித்திருக்கும். வெந்நீரில் தேன், காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சை, சாயங்காலம் எட்டுப் போட்டு நடை. முகநூலில் பேலியோ டயட் அலை அடித்தபோது அதிலும் விழுந்தேன். ஏழு மாதத்தில் 17 கிலோ குறைந்தது. ஊரே பாராட்டியது. அடுத்த இரண்டு வருடத்தில் 22 கிலோ ஏறியது. அப்போது ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மூட்டுவலிக்காகப் போன ஒரு மருத்துவர், நான் உட்கார்ந்து முடிப்பதற்குள் "வாயைக் கட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு டிவி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. அவர்கள் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு எதிர்பார்ப்பதைவிடச் சராசரியாக நாளுக்கு 500 கலோரி போலக் குறைவாகவே இருந்தது. எடை திரும்ப ஏறிய பிறகும் அப்படித்தான். பஞ்சகாலம் என்று பயந்து உடம்பு செலவைச் சுருக்கிவிடுகிறது, பசியையும் கூட்டிவிடுகிறது. இதை மதுரை டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டு விளக்கியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது வரை என் குணக்கேடு என்று நினைத்திருந்த ஒன்றுக்கு ஒரு வரைபடம் இருக்கிறதே!

அவரிடம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது என் கணவர். காரணம் குறட்டை. குறட்டைகூடப் பரவாயில்லை, அது நடுவில் நின்றுவிடுமாம். நின்று, பத்துப் பதினைந்து வினாடி மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு மூழ்கி எழுந்தவள் மாதிரி இழுப்பேனாம். பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் வினாடியை எண்ணியிருக்கிறார். பகலில் நான் பேப்பர் திருத்தும்போது சிவப்புப் பேனாவோடு தூங்கி விழுவேன். பரிசோதனையில் தூக்கத்தில் மூச்சடைப்பு என்று தெரிந்து, இரவில் முகமூடி மாட்டும் சிபேப் கருவி வந்தது. கூடவே மூன்று மாத சராசரி சுகர் 8.4, அதாவது நீரிழிவு.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பகுதியில் 30 மில்லி போலச் சின்னப் பையாக ஒதுக்கி, அதைச் சிறுகுடலில் கீழே தள்ளி இணைப்பது. 1960-களில் அமெரிக்காவின் ஐயோவாவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறையிலிருந்து வளர்ந்தது. ஸ்லீவ் என்றால் இரைப்பையை நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி, முக்கால்வாசிக்கு மேல் எடுத்துவிடுவது. மிச்சம் வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். சட்டைக் கை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். இந்த ஸ்லீவ் முதலில் தனிச் சிகிச்சையாகவே வரவில்லை என்பதுதான் வேடிக்கை. மிக அதிக எடை உள்ளவர்களுக்குப் பெரிய அறுவையை ஒரே மூச்சில் செய்வது ஆபத்து என்று முதல் கட்டமாகச் செய்தார்கள். பலருக்கு இரண்டாம் கட்டம் தேவைப்படாமலே எடை இறங்கியதால், அதுவே முழுச் சிகிச்சையாக நின்றுவிட்டது. எனக்கு அதைத்தான் முடிவு செய்தார்கள். என் அத்தைக்கு மட்டும் யாரோ "பைபாஸ்" என்று சொல்லிவிட்டார்கள். இருதயத்தில் அடைப்பு என்று நினைத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு அழுதுகொண்டே வந்து இறங்கினார்.

பணத்துக்கு நகையை அடகு வைத்தோம். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்கள் தங்கள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வகுத்த பொது வாசகத்தில், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் கூடவே கடுமையான துணைநோய், மற்ற வழிகளில் முயன்றும் பலனில்லை என்றால் இந்தச் சிகிச்சைக்கு இடம் உண்டு. எனக்கு இது தெரிந்தது நகை வங்கிக்குள் போன பிறகு.

அறுவைக்கு முன் இரண்டு வாரம் வெறும் திரவ உணவு. எடை குறைப்பதற்காக அல்ல, கல்லீரலைச் சுருக்குவதற்காக. கொழுப்பேறி வீங்கிய கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேலேயே படுத்திருக்கும். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் இதைத் தொடங்கினேன். வீட்டில் கரும்பும் அதிரசமும் மிச்சம் இருந்தன. அந்த இரண்டு வாரம்தான் மொத்தக் கதையிலும் கொடுமையான காலம். அறுவைகூட இரண்டாம் பட்சம்தான்.

அறுவையைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை. விழித்தபோது வலித்தது வயிறு அல்ல, தோள்பட்டை. உள்ளே நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் தெரியுமாம். அன்று சாயங்காலமே நடக்க வைத்தார்கள், காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று. நுரையீரல் நன்றாக விரிய, மூன்று பந்து உள்ள ஒரு கருவியை உறிஞ்சி உறிஞ்சிப் பந்தை ஏற்றச் சொன்னார்கள். மறுநாள் மருந்து பாட்டில் மூடியில் 30 மில்லி தண்ணீர். அதைக் கால் மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும்.

தண்ணீர் குடிக்கும் விஷயத்தில் வீட்டுக்கு வந்ததும் ஒரு சண்டை நடந்தது. எங்கள் வீட்டில் டம்ளரை வாயில் வைத்துக் குடிப்பது எச்சில். அண்ணாந்து ஊற்றித்தான் பழக்கம். அண்ணாந்து குடிக்கும்போது தண்ணீரோடு ஒரு வாய் காற்றும் உள்ளே போகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. பழைய வயிற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. புது வயிற்றில் ஒரு மடக்குக் காற்று, நெஞ்சுக்குள் செங்கல் வைத்த மாதிரி நின்றது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. மறுநாள் முதல் டம்ளரை உதட்டில் வைத்து, பூனை நக்குவது போல உறிஞ்சினேன். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியே எடுத்து, அடியில் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்தாள். அந்த டம்ளர் இன்னும் இருக்கிறது. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதால், சாப்பிடும்போது அது என் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும்.

அப்புறம் புரதம். நாளைக்குக் குறைந்தது 60 கிராம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம். ஒரு இட்லியில் இரண்டு. அரை இட்லி சாப்பிடும் ஆள் 60-க்கு எங்கே போவது? அம்மாவுக்கு இந்தக் கணக்கு புரிந்த பிறகு சமையல் தலைகீழானது. மீன் குழம்பு வைத்தால் முதலில் மீன் துண்டு, பிறகு காய், சோறு கடைசியில், இடம் இருந்தால். பெரும்பாலும் இருக்காது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் குழம்பு என்று பிறந்ததிலிருந்து பழகியவளுக்கு, மீனைத் தின்றுவிட்டுச் சோற்றைத் திருப்பிக் கொடுப்பது ஏதோ பாவம் மாதிரி இருந்தது. மீதிக்கு வாசனையே பிடிக்காத புரதப் பொடி. காலையில் இரும்பு மாத்திரை, இரண்டு மணி நேரம் தள்ளி கால்சியம், பி12, டி. பித்தப்பையில் கல் வராமல் இருக்க ஆறு மாதம் இன்னொரு மாத்திரை. மற்றது நின்றாலும் சத்து மாத்திரைகள் சாகும் வரை நிற்காது. அதைச் சொல்லாமல் யாராவது உங்களை மேசையில் ஏற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். தொடர்ந்து வாந்தி என்றால் "செட் ஆகட்டும்" என்று வீட்டில் கிடக்கவும் கூடாது. தயமின் (வைட்டமின் பி1) சத்து வற்றி நரம்பைப் பிடித்துவிடும்.

ஆனால் நான் சொல்ல வந்தது பசியைப் பற்றி. வெட்டி எடுத்த இரைப்பைத் துண்டின் மேல்பகுதியில்தான் கிரெலின் என்ற பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிறது. அது போனதும் என் தலைக்குள் ஒரு சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மாவு மில் ஓடிக்கொண்டே இருந்து, கரண்ட் போனதும் சட்டென்று நிசப்தமாகுமே, அப்படி. காலை இட்லியைத் தின்னும்போதே பதினோரு மணி வடையை யோசித்துக்கொண்டிருந்தவள் நான். மற்றவர்கள் எல்லாம் இந்த நிசப்தத்தில்தான் பிறந்ததிலிருந்து வாழ்கிறார்களா? இவர்களா எனக்கு வாயைக் கட்டச் சொன்னார்கள்? சந்தோஷத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது.

அறுவை முடிந்து ஏழாவது வாரம் ஊரடங்கு வந்தது. ஒரு மாதம் என்று சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அம்மா ஐந்து மாதம் மாட்டிக்கொண்டாள். உலகத்துக்கே சோதனையான காலம், எனக்கு மட்டும் ஒரு சலுகை மாதிரி அமைந்தது. கல்யாணம் இல்லை, கோயில் கொடை இல்லை, சடங்கு வீடு இல்லை. யாரும் வரவில்லை, யாரும் "இன்னொரு இட்லி வையுங்க" என்று சொல்லவில்லை. நாலாவது மாதம் முடி கொட்டியது. சீப்பை எடுத்தால் கொத்தாக வரும். "அறுத்தா இப்படித்தான்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்பதாம் மாதம் வாக்கில் நெற்றி ஓரம் புது முடி முள் மாதிரி எழும்பியது. சுகர் மாத்திரை நின்றது. சிபேப் கருவி பரணுக்குப் போனது. பதினாலாம் மாதம் 78 கிலோ.

2021 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் வகுப்புகள் திறந்தபோது பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். பெரியவர்கள் தாண்டவில்லை. "என்ன டீச்சர், கொரோனாவா?", "சுகரா?", ஒருவர் மெல்ல, "வீட்ல ஏதும் பிரச்சினையா?" நம் ஊரில் உடம்பு இளைப்பது துக்கத்தின் அடையாளம். அத்தனை வருடம் குறை, குறை என்றவர்களே முகத்தைப் பார்த்து "ஐயோ, களையே போச்சே" என்றார்கள். சேலைக்குள் தொங்கும் தோலை யாரும் பார்க்கவில்லை. வயிற்று மடிப்பில் கோடைக்கு வரும் வேர்க்குரு எனக்கும் பவுடர் டப்பாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

பசி எப்போது திரும்பியது என்று தேதி சொல்ல முடியாது. இரண்டாம் வருடத்தில் ஒருநாள் பதினோரு மணிக்கு வடை ஞாபகம் வந்தது. மில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. பழைய வேகத்தில் இல்லை, ஆனால் ஓடுகிறது. வயிறும் அரை இட்லியிலிருந்து இரண்டு இட்லிக்கு வந்திருந்தது. அது சகஜம்தான். சகஜமில்லாத இடத்தில் நான் மாட்டினேன். அதன் பெயர் கடலை மிட்டாய்.

கோவில்பட்டிக்காரிக்கு இதைவிட வேறு எதிரி வேண்டுமா? நான் மசித்த இட்லி தின்றுகொண்டிருந்த அதே 2020-ல்தான் எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோழிக்கறி இரண்டு துண்டில் நிறைந்துவிடும் என் வயிறு, கடலை மிட்டாயை மட்டும் கண்டுகொள்வதே இல்லை. கடித்தால் நொறுங்கி, வெல்லம் கரைந்து, கூழாகி அந்தக் குழாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும். முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம் எல்லாம் இதே ஜாதி. ஒரு பாக்கெட் பேப்பர் திருத்தி முடிப்பதற்குள் ஒரு பாக்கெட் மிட்டாய் முடிந்திருக்கும், பசி ஆறியும் இருக்காது. கடலையில் புரதம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கணக்கு டீச்சராக இருந்துகொண்டு.

2022 ஆவணியில் ஒரு கல்யாணம். மூன்று வருடம் கழித்து முதல் பந்தி. இலை போட்டார்கள். பந்தி என்பது மெதுவாகச் சாப்பிடுபவர்களுக்காக ஏற்பட்டதல்ல என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். நான் ஒரு அவியல் வாயை மென்று முடிப்பதற்குள் சாம்பார் வந்துவிட்டது, இரண்டாம் வாய்க்குள் ரசம். பக்கத்தில் இருந்த பெரியவர், "ஏம்மா, ஒண்ணுமே சாப்பிடல, சமையல் பிடிக்கலையா?" பரிமாறுகிறவர் நான் கையை நீட்டி மறைக்க மறைக்க விரல் இடுக்கில் சோற்றைத் தள்ளினார். பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்கள் மூச்சு கழுத்தில் படுகிறது. அவசரத்தில் ஒரு உருண்டையை மெல்லாமல் விழுங்கினேன். நெஞ்சில் நின்றது. வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறியது. எழுந்து ஓட இடம் இல்லை. இடம் கிடைத்து வெளியே போகும்போது யாரோ, "விசேஷமா?" என்று அம்மாவிடம் கேட்டதாகப் பிறகு சொன்னாள். எனக்கு அப்போது நாற்பத்தி நாலு வயது. மறந்துவிட்டேனே, அதற்கு முன்னால் அரை டம்ளர் பாயசம் வேறு குடித்திருந்தேன். அது சிறுகுடலுக்குள் விரைந்து இறங்கி, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, ஒரு மணி நேரம் மண்டப வாசலில் திண்ணையில் கிடந்தேன்.

ஐந்தாம் வருடம் எடை பார்த்தபோது 85. தாழ்ந்த இடத்திலிருந்து ஏழு கிலோ கூடுதல், தொடங்கிய இடத்திலிருந்து 33 குறைவு. எந்த எண்ணைப் பார்ப்பது என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் முதல் ஓரிரு வருடத்துக்குப் பிறகு எடை கொஞ்சம் ஏறத்தான் செய்தது. ஆனால் செய்யாதவர்களைவிட அவர்களிடம் இறப்பு குறைவு என்று 2007-ல் முடிவு வந்தது. "குறுக்கு வழிதானே டீச்சர்?" என்று ஆசிரியர் அறையில் கேட்பவரிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. பையைத் திறந்து மாத்திரை டப்பாவைக் காட்டுவேன், ஏழு நாளுக்கு ஏழு அறை. குறுக்கு வழியில் இத்தனை நிறுத்தம் இருக்குமா?

இப்போது கேள்வி மாறியிருக்கிறது. 2025 மார்ச்சில் எடை குறைக்கும் மவுன்ஜாரோ ஊசி இந்தியாவுக்கு வந்த பிறகு, "நீங்க அவசரப்பட்டு அறுத்துக்கிட்டீங்களோ?" என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஊசியும் பசியின் சத்தத்தைத்தான் குறைக்கிறது, நிறுத்தினால் சத்தம் திரும்புகிறது. ஏறிய ஏழு கிலோவுக்கு அதைப் போட்டுப் பார்க்கலாமா என்று என் டாக்டரே ஒருமுறை பேச்செடுத்தார். முதலில் கடலை மிட்டாயை நிறுத்திப் பார்க்கிறேன் என்றேன். நாலு மாதமாகிறது. வீட்டில் வாங்குவதில்லை. பிறந்தநாள் என்று பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டும்போது மட்டும் ஒன்று. ஒன்று என்றால் பாக்கெட் இல்லை, துண்டு.

அடுத்த மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம், சாத்தூரில். நேற்று இரவு அம்மா போன் செய்தாள். எழுபத்தி நாலு வயதில் மண்டபம், மேளம், பூ எல்லாம் பேசிவிட்டு, கடைசியாக, "நீ முதப் பந்தியில உக்காராத" என்றாள்.

"ஏம்மா, அத்தைன்னு இருக்கேன், முதப் பந்தியில கூப்பிடுவாங்களே?"

"கூப்பிடட்டும். நீ கடைசிப் பந்தியில உக்காரு. பின்னால ஒருத்தரும் வந்து நிக்க மாட்டாங்க. மெதுவாச் சாப்பிடலாம்."

"கடைசிப் பந்தின்னா பாயசம் தீர்ந்துருக்குமே."

"அதான் சொல்லுதேன்" என்றாள்.